கையெழுத்துப் போடாத ஓட்டுநர்

பதினேழு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். பணிமனையில் பட்டப்பெயர் ‘ஹாரன்’. வண்டியில் இருக்கும் ஹாரனை அவள் தொடுவதே அபூர்வம், வாயே போதும். அப்படிப்பட்டவளின் பதினொரு வயது மகளுக்குப் பேச்சு திக்கும். கடையில் பென்சில் வாங்கக்கூட விரலை நீட்டிக் காட்டிவிட்டு வந்துவிடுவாள்.

ஓட்டுநரின் தம்பி புதிது வாங்கியபோது தன் பழைய வீடியோ கேம் பெட்டியை அக்கா வீட்டில் போட்டுவிட்டுப் போனான். அதில் ஒரு விளையாட்டு: ஒருவர் படகை ஓட்ட வேண்டும், மற்றவர் வழி சொல்ல வேண்டும். முதல் நாளே ஓட்டுநர் அம்மா பாறையில் கொண்டுபோய் மோதினாள்.

“இடது, இடது, நில்லும்மா. நீ எப்படித்தான் பஸ் ஓட்டுறியோ.”

மகளுக்கு ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை.  அம்மா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இன்னொரு பாறையை நோக்கிப் படகைத் திருப்பினாள்.

அதன்பின் வேலை முடிந்து வந்தால், சீருடையைக்கூட மாற்றாமல் மகள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். கணவனின் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“தாயும் பொண்ணும் சேர்ந்து உருப்படாம போகப் போறீங்க.”

“போறோம் அண்ணி. சேர்ந்துதானே போறோம்.”

பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. வீட்டில் வீடியோ கேம் விளையாட அனுமதிக்க மாட்டோம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். அவள் போடவில்லை. தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார்.

“நீங்களே உக்காந்து விளையாடுறீங்களாமே?”

“ஆமாங்க மேடம். இன்னும் அவ அளவுக்கு வரல.”

“எல்லாரும் போட்டுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. திக்குவாய்க்கு வைத்தியம் பாக்காம விளையாட்டு என்ன?”

“வாரா வாரம் பேச்சுப் பயிற்சிக்கும் கூட்டிட்டுப் போறேன். ஆனா எம்பொண்ணு பயமில்லாம வாய் திறக்கிற இடம் இதுதான். அதுக்குப் பூட்டு போடுறேன்னு நானே எழுதிக் குடுக்க மாட்டேன்.”

“பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு விதி இருக்கு.”

“இருக்கட்டும். இங்க உங்க விதி, எங்க வீட்டுக்குள்ள என் விதி.”

தலைமை ஆசிரியை வாசலில் நின்ற சிறுமியைப் பார்த்தார். “நீயாவது அம்மாகிட்ட எடுத்துச் சொல்லும்மா.”

சிறுமி வாயைத் திறந்தாள். சொல் தொண்டையிலேயே நின்றது. முடித்துக் கொடுக்க அம்மாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“அ... அம்மா... கை... கை... கையெழுத்து போட மாட்டாங்க.”

தலைமை ஆசிரியை தாளை மேசை இழுப்பறையில் வைத்து மூடினார். ‘பெற்றோர் ஒத்துழைக்கவில்லை’ என்று மறுநாள் ஒரு கடிதம் வந்தது. அவள் படித்துவிட்டு, “சரியாத்தான் எழுதியிருக்காங்க” என்றாள்.

அடுத்த பருவத்திலும் அந்தத் தாள் வந்தது. மகளே அதைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வகுப்பு ஆசிரியை காரணம் கேட்டார். சொன்னாள். சொல்லி முடிக்க நேரம் பிடித்தது; ஆசிரியை காத்திருக்க வேண்டியதாயிற்று.