நின்ற பாலமும் விழுந்த பாலமும்

எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கட்டம் டீச்சர். எதற்கு மதிப்பெண் போடுவதானாலும் முதலில் கட்டம் போடுவாள். இடப்பக்கம், எதையெல்லாம் பார்க்கப் போகிறாள் என்பது. எதிரே ஒன்று முதல் நான்கு வரை படிகள். எப்படிச் செய்தால் எந்தப் படி என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வரி. வேலை தொடங்கும் முன்பே அதை வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுவாள். வீட்டில் பாத்திரம் கழுவுவதற்கும் கட்டம் உண்டாம். அவள் புருஷன் பல வருஷமாக இரண்டாம் படியிலேயே நிற்கிறாராம்.

நான் மொழி ஆசிரியை. கட்டுரையைப் படித்து மனசுக்குப் பட்டதைப் போடுகிறவள். "ஏழுக்கும் எட்டுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு புள்ள கேட்டா என்னக்கா சொல்வீங்க?" என்பாள் கட்டம் டீச்சர். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பதில்தான் வராது.

இந்த முறை காகிதக் குழாய்களால் பாலம். அது ஒரு செங்கல்லைத் தாங்க வேண்டும். பிறகு அதை விளக்க வேண்டும். விளக்க வரிசையில் மூன்று வாங்கினால்தான் அடுத்த வருடம் அறிவியல் பிரிவில் இடம். அவள் மகளும் அதே வகுப்பு. பெற்ற பிள்ளைக்குத் தான் மதிப்பெண் போட மாட்டாள், அந்த வேலை என் தலையில். மகளின் பாலம் குத்துக்கல்லாக நின்றது. கட்டிய விதத்தையும் மடமடவென்று ஒப்பித்தாள். எல்லாவற்றிலும் நான்கு போட்டேன்.

அடுத்து வந்தவள் ஒரு லாரி ஓட்டுநரின் மகள். செங்கல்லை வைத்ததுமே அவள் பாலம் மடங்கி விழுந்தது. கட்டம் டீச்சர் பலத்துக்கு ஒன்று போட்டாள். விளக்கத்துக்கும் ஒன்றுதான், ஏனென்றால் அங்கே 'நிற்கும் பாலத்தைக் காட்டி, கட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும்' என்றிருந்தது.

அந்தப் பெண் சுவரருகே போய்க் கட்டத்தைப் படித்துவிட்டு வந்தாள். "டீச்சர், விழுந்ததுக்கு ஒரு கட்டத்துல குறைச்சிட்டீங்க, சரி. அதுக்கே விளக்கத்துலயும் குறைச்சா எப்படி? ஏன் விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும். குறுக்குக் குழாய் வைக்கல. சதுரம் சாஞ்சிடும், முக்கோணம் சாயாது. கேளுங்க, சொல்றேன்."

"அடேயப்பா, வாயைப் பாரு!" என்றேன். கட்டம் டீச்சர் சிரிக்கவில்லை.

"தப்பு என்னோடதுதாம்மா" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டு, 'நின்றாலும் விழுந்தாலும் ஏன் என்று சொல்ல வேண்டும்' என்று எழுதினாள்.

"அந்தப் பொண்ணுக்கு மட்டும் மாத்திட்டுப் போயேன்" என்று அவள் காதைக் கடித்தேன்.

"ஒருத்திக்கு மட்டும் மாத்தினா அது சலுகைக்கா. எல்லாரையும் திரும்பக் கேக்கணும்."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாளே என்று எனக்கு எரிச்சல். லாரி ஓட்டுநர் மகள் நான்கு வாங்கிக்கொண்டு போனாள். பிறகு டீச்சரின் மகள் என் முன்னால் வந்து நின்றாள்.

"உன் பாலம் ஏம்மா விழல?"

தரையைப் பார்த்தாள்.

"சரி, குறுக்குக் குழாய் எதுக்கு வச்ச?"

"அம்மா வைக்கச் சொன்னாங்க."

மூன்று போட்டுவிடத்தான் எனக்குக் கை துறுதுறுத்தது. பார்த்து வளர்ந்த பிள்ளை. அறிவியல் பிரிவு என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள். "புள்ள பயந்துட்டா, நாளைக்குக் கேட்டுக்கலாம்" என்றேன்.

கட்டம் டீச்சரின் முகம் வெளுத்திருந்தது. "ஒண்ணு போடுங்கக்கா."

போட்டேன். அவள் மேல் அப்படி ஒரு கோபம் எனக்கு.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு மகள் பையை மாட்டிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். "ஒண்ணு போட்டது நியாயந்தாம்மா. ஆனா ஊர்ல இருக்கிற புள்ளைங்ககிட்ட எல்லாம் ஏன் ஏன்னு கேக்குற. வீட்ல என்னை உக்கார வச்சு இங்க ஒட்டு, அங்க ஒட்டுன்னு சொன்னியே தவிர, என்கிட்ட ஒரு தடவகூடக் கேக்கலையே. ஏம்மா?"

கட்டம் டீச்சர் பிள்ளைகளின் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். "தெரியலடி" என்று சொல்லி அழுதாள்.