துணி விரித்த பிறகு

இழுத்துப் பிடித்தது தம்பியின் கை. அடித்து இறுக்கியது அக்காவின் கை. சோபாவின் மரச்சட்டத்தில் பட்டிகள் குறுக்கும் நெடுக்குமாக ஏறின. காலையிலிருந்து அதே இழுப்பு. பக்கத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்துக் கிடந்தது.

துணி விரித்துவிட்டால் கடைசித் தையல் முடியும்வரை யாரும் சாப்பிடக் கூடாது என்பது அந்த குஷன் கடையின் சட்டம். எண்ணெய் விரல் ஒரு தடவை பட்டாலும் துணி போச்சு. சட்டம் போட்டவள் அக்கா.

"அக்கா, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது. ஒரு வாய் சாப்பிட்டு வந்துடறேனே."

"உனக்கு என்னைக்குத்தான் வலிக்கல? இங்க சோபா செய்யற வேலைடா பஞ்சு, சோபாவுல படுக்கற வேலை இல்ல."

"அந்த வேலை எங்கயாவது காலியா இருந்தா சொல்லு."

ஓட்டப் பந்தயத்தில் பாதியிலேயே படுத்துவிட்ட தம்பிக்கு 'பஞ்சு' என்று பேர் வைத்தவளும் அவள்தான்.

மத்தியானம் கழிவறையிலிருந்து அவன் குரல் கேட்டது. அவள் எட்டிப் பார்த்தாள். குழியில் பால் விடாத டீ போல ஏதோ தேங்கியிருந்தது.

"மர பாலிஷைக் கொட்டிட்டியா?"

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கொட்டலக்கா. நான் போனதுதான்."

அவள் அவன் தோளைத் தாங்கிப் பிடித்து வாசலுக்கு நடத்தினாள்.

ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்:

"வயிறு காலியா இருந்தா தசை கொழுப்பை எரிச்சுத்தான் வேலை செய்யும். தசைக்குள்ள இருக்கற குட்டிக் குட்டி அடுப்புக்குக் கொழுப்பைக் கொண்டுபோக ஒரு நொதி வேணும். அதுக்கான மரபணு இவருக்குப் பழுது. அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு, ரெண்டுமே பழுது. அன்னைக்கு எரிக்க ஒண்ணும் கிடைக்காம தசையே உடைஞ்சு சிறுநீர்ல வந்திருக்கு."

"அவங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருந்தாங்க!"

"ஒரு பழுது மட்டும் இருந்தா வெளிய தெரியாதும்மா." டாக்டர் தம்பியிடம் திரும்பினார். "பட்டினியோட ஏன் வேலை செஞ்சீங்க?"

"துணி விரிச்சிருந்தோம்," என்றான் அவன்.

டாக்டருக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். இத்தனை வருஷமும் சோம்பல் என்று அவள் கேலி செய்தது இதைத்தானா?

அவன் தேறி வந்தபோது சோபா அரைகுறையாகவே நின்றது. இந்தமுறை பட்டியை அவளே இழுத்தாள், துணியை அவளே விரித்தாள். தையல் பாதியில் இருக்கும்போதே ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, அவன் முன்னால் தட்டை வைத்தாள்.

"துணி விரிச்சிருக்கேக்கா."

"சாப்பிடுடா." 'பஞ்சு' என்ற சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது. அவன் கடைசி வாய் விழுங்கும்வரை அவள் ஊசியைத் தொடவில்லை.

தன் கிளினிக்குக்குச் செய்யச் சொல்லியிருந்த சோபாவை எடுத்துப்போக வந்த பல் டாக்டர் வெள்ளைத் துணியைத் தடவிப் பார்த்தார். "ஒரு பொட்டு அழுக்கு இல்லையே! தம்பி, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க, வண்டியில ஏத்திடலாம்."

தம்பி எழுந்தான். அக்கா அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"அவன் பிடிக்க மாட்டான் சார். நீங்க பிடிங்க."

பல் டாக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தார். மறுமுனையை அக்கா தூக்கினாள்.