பதின்மூன்றாவது தாள்

மகள் கடையில் வாங்கி வந்த, ஆசைகளை எழுதி எரிக்கும் தாள்களின் பெட்டியில் பன்னிரண்டு தாள்களே இருந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறையும் எண்ணினேன். பதின்மூன்று இருக்கவேண்டும் என்றேன். "ஒண்டு குறைஞ்சா என்னப்பா?" என்றாள். இந்த நாட்டின் பழைய தெய்வங்களுக்குரிய நாள்களைப் பெட்டியில் அடைத்து விற்கிறவர்களுக்கு எண்ணக்கூடத் தெரியவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், மூன்றாம் மாடியில், இரண்டு அறைகளில், அப்பாவும் நானும் இருந்தோம். அம்மாவும் தங்கையும் யாழ்ப்பாணத்தில். அவர்களை அழைக்க அப்பா கொடுத்த விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்திருந்தது.

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் தனியாக இருந்தார். தேவாலயத்துக்குப் போகமாட்டார். கிறிஸ்து சமயம் வருமுன் அந்த மண்ணில் கும்பிட்ட ஓடினையும் தோரையும் கும்பிட்டார். மார்கழியில் சூரியன் திரும்பும் நாளன்று பின்வளவு ஆப்பிள் மரத்தின் வேரில் அரைப் போத்தல் பியர் ஊற்றுவார். அப்பாவுக்கு அதில் ஒரு வியப்பும் இல்லை. "எங்கட வைரவருக்கு வடைமாலை, இவையின்ர ஆளுக்குப் பியர்" என்றார்.

நத்தார் அன்று, கிறிஸ்துமஸ் நாளில், அந்த அம்மையார் எனக்குப் பதின்மூன்று தாள்கள் தந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் ஆசையை எழுதி மடிக்கவேண்டும். அன்று தொடங்கிப் பன்னிரண்டு நாள், பிரித்துப் பாராமல், மாலைக்கு ஒன்றாக எரிக்கவேண்டும். அவற்றைத் தெய்வங்கள் பார்த்துக்கொள்ளும். மிஞ்சுகிற ஒன்றை எழுதியவரே நிறைவேற்றவேண்டும்.

நான் பதின்மூன்றிலும் ஒன்றையே எழுதினேன்: அம்மா வரவேணும். தங்கையைச் சேர்க்கவில்லை, தாளில் இடம் போதாது. அந்தத் தெய்வங்களுக்குத் தமிழ் தெரியாமல் போனால் என்ற பயத்தில் ஆறு தாள்களில் ஜெர்மனிலும் ஏழில் தமிழிலும் எழுதினேன். பன்னிரண்டு முறை கேட்டால் ஒரு முறையாவது காதில் விழும் என்பது என் கணக்கு. மிஞ்சப்போவதைப் பற்றி யோசிக்கவேயில்லை.

நாலரைக்கே இருட்டிவிடும். பின்வளவில் இரும்புச் சட்டியில் எரிப்போம். ஒரே தீக்குச்சியில் பற்றினால் நல்ல சகுனம் என்று நானாக ஒரு விதி வைத்திருந்தேன். எட்டு மாலைகளில் அப்படிப் பற்றியது.

கடைசித் தாளைப் பிரிக்கும்போது அப்பாவும் இறங்கி வந்தார். தமிழ்த் தாள்தான் மிஞ்சியிருந்தது. அம்மையார் அதை அப்பாவிடம் நீட்டி, வாசிக்கச் சொன்னார். அந்த இரண்டு சொற்களை அப்பா நெடுநேரம் வாசித்தார். பிறகு தன் அரைகுறை ஜெர்மனில், நான் கணக்கில் முதலாம் பிள்ளையாக வர ஆசைப்படுவதாகச் சொன்னார். அம்மையார் சிரித்து, "அதை நீதான் செய்யவேண்டும்" என்று என் தலையில் தட்டினார்.

"பொய்! அம்மா வரவேணும் எண்டுதான் எழுதினனான்" என்று தமிழில் கத்தினேன்.

"தெரியும் அப்பன். இது உன்ர வேலையில்லை. என்னட்டை இருக்கட்டும்."

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

என் ஆசையை அவர் பறித்துவிட்டதாகவே எனக்குப் பட்டது. நான்கு நாள்கள் அவருடன் பேசவில்லை. "சோறு போடட்டோ?" என்பார்; தலையை ஆட்டுவேன். "குளிருதோ?" என்பார், சுவரைப் பார்ப்பேன். அம்மா வந்து சேர அதன்பின்னும் மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆயின.

அப்பா வேலை செய்த துணி ஆலையில் இயந்திர இரைச்சலுக்குள் யாரும் பேசுவதில்லை. ஒரு நாளில் அவர் வாய்திறந்து நாலு வார்த்தை தமிழ் பேச நான் ஒருவன்தான் இருந்தேன் என்பது, அந்த நான்கு நாள்களில் ஒரு முறையும் எனக்குத் தோன்றவில்லை.