ஒன்பதாம் நம்பர் தடி

ஒஸ்லோவில் அந்த நீளக் குழாயை ஏதோ ஆயுதம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தோடு விமானம் ஏறினேன். கட்டுநாயக்காவில் சுங்கத்தில் மறிப்பார்களோ என்ற பயத்தோடு இறங்கினேன். தொண்டைமானாற்றில், என் மனைவி கோபிகாவின் தம்பி றஞ்சித்தின் கையில் அதைக் கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. மூடியைத் திருகித் திறந்தான். உள்ளே நான்கு துண்டுகளாகத் தூண்டில் தடி; நூலும் உருளையும் தனிப் பையில். அடித்துண்டின் பிடிக்கு மேலே பொறித்திருந்ததைப் பார்த்தான். பெருவிரலால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

"அத்தான், இது ஒன்பது."

"ஒன்பது அடியோ?"

"அடியும் ஒன்பது, நம்பரும் ஒன்பது. நான் கேட்டது ஏழடியிலை மூண்டாம் நம்பர்."

எனக்கு அது ஏதோ சட்டை அளவு பிழைத்தது மாதிரித்தான் பட்டது. அவன் முகத்தைப் பார்த்த பிறகே பிழை பெரிதென்று விளங்கியது.

றஞ்சித்துக்கு நாற்பது வயது. மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகும் வீடு. இரண்டு வருடங்களுக்கு முன் வள்ளத்தைக் கரையேற்றும்போது அது சறுக்கி வலது தோளில் மோதியது. அன்றிலிருந்து அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது. வலை இழுக்க முடியாது. அண்ணன் பிரகலாதன் கொண்டுவரும் மீனுக்குக் கரையில் நின்று ஐஸ் போடுவதுதான் அவன் வேலை. அண்ணன் கொடுப்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கொடுக்கும்போதெல்லாம் "பாவம், அவனுக்கு ஏலாது" என்பார், நாலு பேர் கேட்க.

போன வருடம் ஒரு கருவாட்டு லொறியோடு நுவரெலியாவுக்குப் போனவன் அங்கே முத்தலிப்பைச் சந்தித்தான். முத்தலிப் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் பிறந்தவர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களைப் போலக் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு, பல ஊர் அலைந்து, ஒரு தேயிலைத் தோட்டத்து விருந்தினர் பங்களாவுக்குப் பொறுப்பாளராகி மலையிலேயே நின்றுவிட்டார். பங்களாவுக்குப் பின்னால் ஓர் ஓடை. அதில் ட்ரவுட் மீன் பிடிக்கவே வெள்ளைக்காரர் வருவார்கள். முத்தலிப் தன் தடியை றஞ்சித்திடம் கொடுத்தார்.

"முழங்கையை விலாவோடை வையும். மணிக்கட்டாலை மட்டும் ஆட்டும். இதிலை தோளுக்கு ஒரு வேலையும் இல்லை."

தடி ஈர்க்கு மாதிரி இருந்ததாம். இறகு கட்டிய சின்னத் தூண்டில் முள் தண்ணீரில் போய் உட்கார்ந்ததாம். அன்று பின்னேரமே ஒரு மீன். தைப்பொங்கலுக்குப் பிறகு விருந்தாளிகளோடு ஓடைக்குப் போக ஓர் ஆள் வேண்டும், சொந்தத் தடியோடு பழகிவிட்டு வாரும், எறிந்து காட்டினால் வேலை உமக்குத்தான் என்றிருக்கிறார் முத்தலிப்.

இந்த ஒன்பது எங்கிருந்து வந்தது? ஒஸ்லோவில் தடியை வாங்கித் தந்த கோபிகாவுக்குப் போன் போட்டேன். அவள் அழாத குறை.

"றஞ்சித் மூண்டு எண்டுதான் சொன்னவன். அடுத்த நாள் பெரியண்ணை போன் எடுத்து, ஒன்பது வாங்கு எண்டவர். ஒன்பதாம் நம்பர் ஒன்பதடியிலைதான் கடையிலை இருந்தது. கடலிலை கிடக்கிற மனுசன், அவருக்குத் தெரியாதே எண்டு நினைச்சிட்டன்."

பிரகலாதன் அண்ணை அப்போது வாசலில் நின்றார்.

"ஓம், நான்தான் சொன்னனான். என்ன பிழை? உவனுக்குச் சின்னன்தானே வேணும்? முள்ளு வாங்கேக்கை நம்பர் கூடக் கூட முள்ளு சின்னன். மூண்டு எண்டால் சுறாவுக்குப் போடுறது. பன்னிரண்டு கேப்பம் எண்டுதான் பாத்தன், பிறகு அது முறிஞ்சு போகும் எண்டு ஒன்பதிலை நிண்டனான்."

"அது முள்ளுக்கு அண்ணை!" றஞ்சித் கத்தினான். "தடிக்கு நம்பர் கூடினால் பாரம் கூடும். ஆரைக் கேட்டனி?"

"முப்பது வருசமாய் முள்ளுக் கட்டுறவன் ஆரைக் கேக்கிறது?"

அன்று மாலை நீரேரிக் கரையில் எறிந்து பார்த்தான். மூன்றாம் தரம் தடியைப் பின்னுக்கு வீசியதும் தோளைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டான். பாலத்தில் நின்ற ஒருவர், ஈ ஓட்டுவதுபோல் கையை ஆட்டி, "என்னடாப்பா, இலையான் கலைக்கிறியோ?" என்றார்.

அடுத்த நாள் யாழ்ப்பாணம் பட்டணத்தில் கடை கடையாக ஏறினோம். எல்லாரும் கடல் தடியையே தூக்கி வைத்தார்கள். "இதைவிட மெல்லிசோ? உங்களுக்கு மீன் வேணுமோ, விளையாட்டுச் சாமான் வேணுமோ?" என்றார் ஒரு முதலாளி. கொழும்பில் இருப்பதாகச் சொன்ன ஒரு கடை போனை எடுக்கவேயில்லை. நோர்வேயிலிருந்து வரவழைத்தால் பொங்கல் போய்விடும். நான் நித்திரை கொள்ளாமல் இணையத்தில் மெல்லிய தடிகளைத் தேடித் தேடி அவனுக்குப் படம் படமாக அனுப்பினேன்.

"அத்தான், காணும். படத்தாலை எறிய ஏலாது."

அவன் மனைவி ஆரபி தையல் மெசினை மிதித்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிராமலே கேட்டாள். "நாலு துண்டும் பூட்டித்தான் எறிய வேணுமோ?"

றஞ்சித் அவளைப் பார்த்தான். குழாயை எடுத்து நுனித் துண்டுகள் இரண்டை மட்டும் பொருத்தினான். நாலரை அடி. பிடி இல்லாத அடிப்பக்கத்தில் சைக்கிள் ரியூப்பைக் கீறி இறுக்கிச் சுற்றினான். நூல் சுற்றும் உருளையையும் கழற்றி வைத்துவிட்டு, நூலை இடக்கையில் வளையமாகப் பிடித்துக்கொண்டான். வாளி ஒன்றை முற்றத்தில் வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வீசினான். முள் வாளிக்கு வெளியே விழுந்தது. இன்னொரு தரம். வெளியே. பிரகலாதன் அண்ணை தலையில் கைவைத்தார்.

"வெளிநாட்டுச் சாமானைப் பாதியாக்கிப் போட்டான்! சனம் பாத்தால் என்ன சொல்லும்?"

"இலையான் கலைக்கிறான் எண்டு ஏற்கெனவே சொல்லிட்டுது," என்றான் றஞ்சித். வீசுவதை நிறுத்தவில்லை. பொங்கல் வரை நிறுத்தவில்லை.

மலைக்குப் போனவன் மறுநாள் போன் எடுத்தான். நான் ஸ்பீக்கரில் போட்டேன். அரைத் தடியைப் பார்த்து முத்தலிப் விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு ஓடைக்குக் கூட்டிப்போய், எறியச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாராம்.

"வேலை தந்திட்டார் அத்தான். ஆனால் விருந்தாளிக்கு முன்னாலை ரியூப் சுத்தின தடியோடை நிக்க ஏலாதாம். மாசி முடியிறதுக்குள்ளை நல்லதொண்டு வேணும். அக்காட்டைச் சொல்லுங்கோ. ஏழடி. மூண்டு. அண்ணை பக்கத்திலை நிக்கிறாரோ?"

"நிக்கிறன்," என்றார் பிரகலாதன் அண்ணை.

"அண்ணை, நீ கதையாதை."

போனை வைத்ததும், நான் கோபிகாவுக்கு எழுதத் தொடங்கினேன். ஏழடி என்று எழுதி, சரிபார்த்து, மூன்று என்று எழுதி, மறுபடி சரிபார்த்தேன். அண்ணை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கையில் மிச்சமிருந்த இரண்டு தடித்த துண்டுகள். பொருத்திப் பொருத்திக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நம்பர் கூடினால் பலம் கூடும், என்ன?"

"ஓம் அண்ணை."

"அப்ப மச்சான், ஒரு நாலெண்டாலும் போடுங்கோவன். அவன்ரை முதல் உத்தியோகம்."

நான் மூன்றை அப்படியே விட்டு அனுப்பினேன். பிறகு திறந்து, மூன்றுதானா என்று இன்னொரு தரம் பார்த்தேன்.