கடல் பக்கம் பார்த்த ஜன்னல்

போன வாரம் கிள்ளானில், எட்டு நோயாளிகளுக்கு முன்னால், என் தவற்றை நானே போட்டு உடைத்தேன். மீட்டிங்கில் குடிக்கத் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவள் நான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் பிளான் வரைவது என் வேலை. பதினேழு வயதில் எழுதிய எஸ்பிஎம் பரீட்சையோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. மிச்சமெல்லாம் ஆபீஸில் கற்றதுதான். இப்போது கோடு போட்டால் மட்டும் போதாது. சுவர், கூரை, கண்ணாடி என்று முழுக் கட்டடத்தையும் கணினிக்குள் கட்ட வேண்டும். எந்த ஊர் என்று சொல்லிவிட்டால், எந்தச் சுவர் கொதிக்கும், ஏர்கோன் எவ்வளவு உழைக்கும் என்று அந்த மாடலே சொல்லிவிடும். சூடான இடம் சிவப்பு, குளிர்ந்த இடம் நீலம். ஒரு செங்கல்கூட வைப்பதற்கு முன்பே இத்தனையும்.

கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையம் கடைவீட்டு மாடியிலிருந்து சொந்த இடத்துக்குப் போகிறது. அதன் பொறுப்பாளர் சிஸ்டர் மேரி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பெரிய ஜன்னல் வேணும். நாலு மணி நேரம் சீலிங்கையே பாக்குறாங்க, பாவம்."

வைத்தோம். நாற்காலிகள் எல்லாம் ஜன்னலோரம். மாடலை ஓட்டினேன்... ஜன்னல் சுவர் நல்ல நீலம். என் பாஸ் குகனுக்குப் பெருமை தாங்கவில்லை. டாப்லெட்டோடு கிளம்பிவிட்டார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான்.

நோயாளிகளிடமே காட்டினார். ஆறுமுகம் அங்கிள் என்ற பெரியவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"தம்பி, இந்த ஜன்னல் எந்தப் பக்கம் பாக்குது?"

"ரோட்டுப் பக்கம் வாசல், அங்கிள். இது பின்னால. கடல் பக்கம்."

"அப்ப சூரியன் மறையறத பாக்கலாம்னு சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் லேப்டாப்பைத் திறந்தேன். கிள்ளானுக்குக் கடல் மேற்கே அல்லவா? மேற்குச் சுவர் எப்படி நீலமாகும்?

புரிந்துவிட்டது. பிளானில் வாசல் எப்போதும் தாளின் அடியில் வருகிற மாதிரி வரைவோம். பார்க்கிறவர்களுக்கு வசதி. வடக்கு எது என்று ஓரத்தில் ஓர் அம்புக்குறி. மனிதர்களுக்கு அது போதும். மாடலுக்கு உண்மையான வடக்கைத் தனியாகத் திருப்பிக் காட்ட வேண்டும். நான் மறந்துவிட்டேன். தாளின் மேல்பக்கத்தையே வடக்கு என்று அது எடுத்துக்கொண்டது — என்னை நம்பி.

ஊசி ஏறியிருக்கும் கையை அசைக்கக்கூடாது. சாயங்காலம் நாலு மணி வெயில் முகத்தில் அடித்தால் இவர்கள் எங்கே நகர்வார்கள்? சிஸ்டர் கையெழுத்துப் போட்டால் பிளான் அனுமதிக்குப் போய்விடும். அவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

ஆபீஸுக்குப் போய் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாமா...

"பாஸ்," என்றேன். எனக்கே கேட்கவில்லை. "பாஸ், நிப்பாட்டுங்க. வடக்க நான் தப்பா வச்சிட்டேன். அது மேக்குச் செவுரு."

பாஸ் என்னைப் பார்த்தார். டாப்லெட்டைப் பார்த்தார்.

"கடல் பக்கம்னு என் வாயாலதான் சொன்னேன். எனக்கே உறைக்கல," என்றார். "சிஸ்டர், சைன் வேணாம். எங்க ரெண்டு பேருக்கும் திசை தெரியல."

"நல்ல வேள லா," என்றார் சிஸ்டர் பேனாவை மூடியபடி. "எல்லாரையும் கருவாடாக் காய வச்சிருப்பீங்க."

அங்கேயே வடக்கைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். ஜன்னல் முழுக்கச் சிவப்பு. கணினி பொய் சொல்வதில்லை. நாம் சொன்ன பொய்க்குக் கலர் அடித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஸ்டோரையும் கழிவறையையும் மேற்கே தள்ளினோம். நாற்காலிகளும் ஜன்னலும் நிஜமான வடக்குக்கு வந்தன. அரை மணி நேர வேலை. கட்டி முடித்த பிறகு தெரிந்திருந்தால்? தடித்த திரை ஒன்றை மாட்டியிருப்பார்கள். ஜன்னல் இருந்தும் இருட்டு.

ஒரே குறை... வடக்கே கடலும் இல்லை, சூரியனும் இல்லை. ஒரு லோரி வொர்க்ஷாப்பின் பின்புறம்தான். ஆறுமுகம் அங்கிளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ரொம்ப நல்லதும்மா. முப்பது வருஷம் லோரி ஓட்டினவன் நான். நாலு மணி நேரமும் அங்க ரிப்பேர் பாக்குறவன் வேலையில குத்தம் கண்டுபிடிச்சிக்கிட்டே இருப்பேன்."

பாவம், அந்த மெக்கானிக்.