புளி போட்டுத் தேய்த்த ஜப்பான் கொக்கு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று சில வருடங்களாகத் தயங்கினேன். போன வெள்ளிக்கிழமை கோயிலில் ஒருவர் எங்கள் கதையை எனக்கே வேறு மாதிரிச் சொன்னார். இனியும் பேசாமல் இருக்கலாமா?

நாங்கள் கிரான்பர்னுக்கு வந்த புதிது. தற்காலிக விசா. முதுகு நோவால் எனக்கு வேலை போய்விட்டது. மனைவி வசந்தியின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அவளுக்கு வேலை, கெய்கோ என்ற ஜப்பானியப் பெண்ணின் நகைப் பட்டறையில். பழங்காலத்து வாள் கைப்பிடிகளில் பதித்திருந்த சின்ன உலோக உருவங்களுக்கு வெள்ளிச் சட்டம் கட்டிப் பதக்கமாக்குவார் கெய்கோ. வசந்தி சிலவற்றை வீட்டுக்கும் கொண்டுவந்து பெட்டியில் அடுக்கிக் கொடுப்பாள்.

ஒருநாள் ஒரு கறுப்புக் கொக்கு வந்தது. சில நூறு வருடப் பழசு.

"இஞ்சாருங்கோ, எப்பிடி மினுங்குது பாருங்கோ. புளி போட்டுத் தேய்ச்சனான்."

கொக்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

"அவ கறுப்ப வேணுமெண்டுதானே விட்டிருப்பா. இதென்ன எங்கட குத்துவிளக்கே?"

"ஊத்தையெண்டெல்லோ நினைச்சன்..." அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வேலை போனது என்றே நினைத்தோம். முருகனைக் கும்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனோம்.

கெய்கோ கொக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமா? தெரியவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு முள்ளங்கியை எடுத்தார்.

"இப்ப ஆருக்கப்பா சமையல்?" வசந்தி என் காதுக்குள் கேட்டாள்.

கெய்கோ முள்ளங்கியைத் துருவிச் சாறெடுத்தார். கொக்கை நன்றாகக் கழுவி, அந்தச் சாற்றில் தோய்த்து, செம்பு உப்புக் கரைத்த கொதிநீரில் இறக்கி, அசைத்தபடி நின்றார். மினுக்கம் மங்கியது... ஊதா படர்ந்தது... பிறகு பழைய கறுப்பு.

"இதைச் செய்தவர்களும் இப்படித்தான் கறுப்பாக்கினார்கள்" என்றார் ஆங்கிலத்தில். "வாங்குபவரிடம் நடந்ததைச் சொல்லிவிடுவேன். நீ திங்கட்கிழமை வேலைக்கு வா. புளியை மட்டும் வீட்டில் விட்டுவிடு."

வசந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இன்று எங்களுக்கென்று ஒரு வீடு இருக்கிறது என்றால், அந்தத் திங்கட்கிழமையால்தான்.

கோயிலில் சொல்வது என்ன? கொக்கை முருகன் படத்தடியில் வைத்தோமாம், விடியப் பார்த்தால் தானாகக் கறுத்திருந்ததாம். நான் முருகனை நம்பாதவன் இல்லை. அன்று அந்தக் கதவைத் தட்டத் தைரியம் தந்தவன் அவன்தான். ஆனால் முள்ளங்கி துருவியது கெய்கோ.

யாருக்காவது சொல்வதென்றால் தயவுசெய்து இப்படியே சொல்லுங்கள் - அந்த மனுஷியின் பெயரோடு.