ஸ்பானிஷில் என் முதல் கேள்வி

கனடாவில், ஸ்காபரோவில் தாதிகளுக்கான ஸ்பானிஷ் வகுப்பில் முதலில் சொல்லித்தந்தது "எங்கே வலிக்கிறது?" நான் கேட்டு வாங்கியது "சாப்பிட்டீங்களா?"

கூட வேலைசெய்யும் வதனி அக்கா சிரித்தார். "உதைக் கேக்காட்டி எங்கட ஆக்களுக்குக் கதையே தொடங்காது."

இன்று காலை, சத்திரசிகிச்சைக்காக ஒரு கொலம்பிய அம்மா காத்திருந்தார். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் என்ர "சாப்பிட்டீங்களா?"வைக் கேட்டேன்: "யா கொமியோ?"

"சி, சி!" ஓமாம், முகமெல்லாம் சிரிப்பு. பையைத் திறந்து ரொட்டியைக் காட்டினார். பாதி முடிந்திருந்தது.

வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியவர்! மயக்கமருந்து டொக்டரிடம் ஓடினேன். சத்திரசிகிச்சை தள்ளிப்போனது.

திரும்பி வந்தால், அம்மா மிச்சப் பாதியை என்னிடம் நீட்டுகிறார். "நீங்கள் சாப்பிட்டீங்களா?" என்று ஸ்பானிஷில்.

வதனி அக்கா, இவவும் எங்கட ஆள்தான்!

அடுத்த வகுப்பில் "நீங்கள் எந்த ஊர்?" படிக்கப்போகிறேன். அதுக்குப் பிறகு என்ன கேக்கிறது, சொல்லுங்கோ.